படத்தில் இல்லாத நடை

என் கணவருடைய அக்கா பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகில் ஈறு வளைத்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, கடைசியில் தேய்த்து மெருகேற்றுவார். பேருந்தில் எதிரே இருப்பவர் சிரித்தால் போதும், "மேல் வரிசை கட்டினது" என்று என் காதைக் கடிப்பார். தெருவில் அவருக்குப் பெயர் பல்லக்கா. யாராவது "பல்லக்கு வருது, வழி விடுங்க" என்று கிண்டல் செய்தால், "பல்லக்குன்னா நாலு பேர் தூக்கணும். எங்கே, தூக்குங்க பாப்போம்" என்று நடுத்தெருவில் நின்றுவிடுவார்.

நாத்தனார் இருக்கிற குடும்பம், பார்த்து நடந்துகொள் என்று என் அம்மா பயமுறுத்தித்தான் அனுப்பினாள். வந்து பார்த்தால், அக்கா என்னிடம் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "எங்க ஊரைப் பத்தி மட்டும் கேக்காதம்மா."

அவர்கள் ஊரைச் சண்டை தின்றுவிட்டது. அப்போது அக்கா பள்ளிக்கூடம் போகிற சிறுமி. என் கணவர் தவழுகிற குழந்தை. அவர்களுடைய அப்பா மின்கம்பி வேலைக்காரர். குண்டு விழுந்து கம்பி அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டிவிட்டு வருவார். ஒரு காலை அப்படிப் போனவர் திரும்பவில்லை. தெருமுனைக் கட்டடம் அவர்மேல் சரிந்துவிட்டது. மாமியார் ஒரு பிள்ளையை இடுப்பிலும் இன்னொன்றைக் கையிலும் பிடித்துக்கொண்டு ஊரைவிட்டு வந்தார். அப்பாவின் ஒரு போட்டோகூட அவர்களோடு வரவில்லை. பிறகு அந்த ஊரை இடித்துத் தள்ளி, அகலமான சாலைகள் போட்டுப் புதிதாகக் கட்டிவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். மாமியார் கடைசிவரை வாய் திறக்கவில்லை. அவர் போனபின் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான். என் கணவர் எப்போதாவது தொடங்கினால், "ஞாபகம் இல்லாதவன் புண்ணியவான்டா. அப்படியே இருந்துட்டுப் போ" என்று வெட்டிவிடுவார். தன் சொத்தை அக்கா ஒளித்துவைத்திருப்பதுபோல இவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை.

அந்தச் சண்டையைப் பற்றி ஒரு சினிமா வந்தது. கதை நடப்பது இவர்கள் ஊரில். ஆனால் அங்கேதான் பழைய தெரு ஒன்றும் மிஞ்சவில்லையே. அதனால் அதே சாயலில் தெருக்கள் இருந்த வேறொரு ஊரில் போய் எடுத்தார்கள். என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். சாமான் வந்து சேரும்வரை மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து, போனில் அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்ப்பார். "அது வேற ஊருங்க" என்று ஒருநாள் சொன்னேன். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் நான் பாத்ததில்ல" என்றார்.

படம் எடுத்த தெருக்களைப் பார்க்க ஆட்கள் போய்வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் இவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அக்காவைக் கூப்பிட்டார்.

"வேஷம் போட்ட தெருவைப் பாக்க டிக்கெட் எடுத்துப் போகணுமா? போடா."

"சரி, நாங்க மட்டும் போறோம். அங்க யாராவது ஏதாவது சொல்வாங்க, கேட்டுக்கறேன்."

கிளம்புகிற அன்று காலை அக்கா பையோடு எங்கள் வாசலில் நின்றார். "கண்டவன் சொல்றதைக் கேட்டுட்டு வந்து உளறிட்டு இருப்பே. நானும் வரேன்."

தெரு குறுகலாக இருந்தது. இரண்டு பக்கமும் மூன்று மாடி வீடுகள், எதிரெதிர் ஜன்னல்காரர்கள் கை நீட்டினால் தீப்பெட்டி வாங்கிக்கொள்ளலாம். படத்துக்காக ஒரு சுவரில் பூசிய புகைக்கறையை அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். அதன் கீழே யாரோ சைக்கிளைச் சாத்தியிருந்தார். ஒரு ஜோடி, படத்தில் வருவதுபோலக் கைகோத்து ஓடி, மூச்சிரைக்க நின்று, போட்டோவைச் சரிபார்த்து, மறுபடி ஓடியது. அக்கா எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கோயிலில் செருப்புக்குக் காவல் இருப்பவர்போல என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சலவைக் கடைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிப் பழகிய நாக்கு.

"வாங்க, வாங்க. ஹீரோயின் விழற இடம் அது. பட்டாள டாங்கி நின்னது இங்க. இதோ, இந்தப் படி இருக்கே, இங்கதாங்க நான் செத்துக் கிடந்தேன்."

என் கணவர் சிரித்துவிட்டார். நானும்தான். அக்கா அந்தப் படியைப் பார்த்தார்.

"கண்ணை மூடிட்டா, தொறந்துட்டா?"

"மூடிட்டுத்தாம்மா. தூங்கறாப்புல கெடன்னு டைரக்டர் சொன்னார்."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். கடைக்காரருக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அப்போதுதான் என் கணவர் போனை எடுத்தார். ஒரு காட்சியை நிறுத்தி அக்காவின் முகத்துக்கு நேரே காட்டினார். கூட்டம் ஓடுகிறது. நடுவில் ஒருவர் மட்டும் ஓடாமல், முதுகு காட்டிக்கொண்டு, மூட்டையோடு எதிர்த்திசையில் நடந்துபோகிறார்.

"அக்கா, அப்பா இவர மாதிரி இருப்பாரா?"

"யாரு இது?"

"தெரியாது. முகமே வராது. நானா நினைச்சுக்கிட்டேன், இவர்தான்னு."

இத்தனை வருஷமும் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அக்காவின் முகம் சிவந்தது. நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இவனா? தோளைத் தொங்கப் போட்டுக்கிட்டு, சோத்துக்குச் செத்தவன் மாதிரி! இவனா எங்கப்பா? அவர் இப்படியாடா நடப்பாரு?"

"எப்படி நடப்பாருன்னு எனக்கு யாருக்கா சொன்னா?"

அக்கா திரும்பி, கடைக்குள் துணி அலமாரியில் சாத்தியிருந்த அலுமினிய ஏணியைக் காட்டினார்.

"அதைக் கொஞ்சம் குடுக்கிறீங்களா?"

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். அக்கா வலது கையை ஏணிப்படிகளுக்கு நடுவே நுழைத்து, தோளில் ஏற்றிக்கொண்டார். கனம் தாங்க உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. தலை மட்டும் சாயவில்லை. தெருவின் ஒரு கோடியிலிருந்து நடக்கத் தொடங்கினார். நான்கு எட்டு நிதானம், அப்புறம் தோளை ஒரு குலுக்கு, மறுபடி நிதானம். நடந்துகொண்டே இடது கையால் ஒவ்வொரு வாசலாகச் சலாம் வைத்தார். தெரு திரும்பும் முடக்கு வந்ததும் ஏணியின் பின்முனை வீசித் திரும்புமே, அதற்கு முன்னால் நின்று, ஆண்பிள்ளைக் குரலில் உரக்கக் கத்தினார்:

"வாலு வருது, வாலு வருது! தலை பத்திரம்!"

போட்டோ எடுத்துக்கொண்டிருந்த ஜோடி சட்டென்று குனிந்தது. மேல் ஜன்னல் ஒன்று திறந்தது.

"இது எந்த சீனுங்க? படத்துல வரலையே?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார். "இவங்க வீட்டு சீனுங்க" என்றேன்.

அக்கா திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது.

"இப்படித்தான். எதிர்ல யாரு வந்தாலும் சலாம். கடன் வாங்கினவன் ஓடி ஒளிவான், இவர் கடன் குடுத்தவனைக்கூட நிறுத்திப் பேசுவார். உன்னை ஏணி மேல படுக்க வச்சுத் தாலாட்டுவாரு. அம்மா கத்துவா."

என் கணவர் ஏணியை வாங்கித் தோளில் போட்டு நடந்தார். தொழில்காரர், ஏணி தூக்கத் தெரியாதா? ஆனாலும் அக்கா விடவில்லை.

"அவசரப்படாதே. அவரு எங்கயும் அவசரமாப் போனதே இல்ல. குலுக்கு, குலுக்கு. ஆங்!"

இரண்டாம் முறை முடக்கில் இவர் "வாலு வருது" என்று சொல்லப் போய், பாதியில் ஏணியோடு அப்படியே நின்றுவிட்டார். அக்கா போய் ஏணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அதை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பிவந்தார்கள்.

ஊர் திரும்பும் வழியெல்லாம் அக்கா பேசினார். எதிர்வீட்டு ஊமை நாய், அடிக்கடி நின்றுபோகும் குழாய், அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் ஏணியை யார் பக்கம் சாத்துவது என்ற பஞ்சாயத்து. நான் தூங்கிவிட்டேன். விழித்தபோதும் பேச்சு ஓயவில்லை.

"ஏன்க்கா இத்தனை நாள் சொல்லல?" என்று இவர் கேட்டது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது.

"சொன்னா செலவாயிடும்னு நினைச்சேன்டா. எங்கிட்ட இருந்ததே கொஞ்சம்."

அடுத்த விடுமுறைக்கு அவர்களுடைய நிஜ ஊருக்கே போனோம். அகலமான சாலை, சிக்னல், கண்ணாடி பதித்த கட்டடங்கள். வேஷம் போட்ட தெருவில் அத்தனை உறுதியாக நடந்த அக்கா இங்கே ஒரு வாகன நிறுத்துமிடத்தின் நடுவில் நின்று, தங்கள் தெரு எங்கே இருந்தது என்று நாலு பக்கமும் பார்த்தார். ஒரு காருக்குப் பக்கத்தில் போனார். இல்லை என்று இன்னொரு வரிசைக்குப் போனார்.

"தெரியலடா" என்றார் கடைசியில். "சத்தியமா எனக்கும் தெரியல."

என் கணவர் முகத்தில் வருத்தம் தெரியும் என்று எதிர்பார்த்தேன். அவர் அக்காவின் கையைக் கோத்துக்கொண்டார். "எனக்கும்தான். வா, தேடுவோம்."

இருவரும் கார்களுக்கு நடுவே மெல்ல நடந்துபோனார்கள். காவலாளி என்னிடம் வந்து, வண்டியை எங்கே விட்டோம் என்று மறந்துவிட்டார்களா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.