செத்துப்போன ஸ்ரனிஸ்லாஸ் பேசவேண்டிய வசனம்

கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸ் இருபத்தேழு படங்களில் நடித்தவர். நம்பாவிட்டால் போங்கள், ஆனால் உண்மை. புதுக்கடைக் கோர்ட்டு வாசலில் கோப்போடு நிற்பவர், பஸ்ஸில் தூங்கி வழிபவர், கல்யாண வீட்டில் வடை தின்பவர், எல்லாம் அவர்தான். வாயைத் திறந்தது வடைக்கு மட்டும். ஒரு வசனம், ஒரேயொரு வசனம் பேசிவிடவேண்டும் என்று மனுசன் பதினெட்டு வருசமாகத் தவம் கிடந்தார்.

கடைசியில் கிடைத்தது. "ஐயா, உங்கட மகன் வந்திட்டார்." திங்கட்கிழமை இரத்மலானையில் படப்பிடிப்பு. சாப்பிடும்போதும் அதே வசனம், குளிக்கும்போதும் அதே வசனம். "அந்த மகன் எப்பதான் உள்ள வரப்போறானாம்?" என்று மனைவி புளோறன்ஸ் கத்தியும் அவர் விடவில்லை.

இதற்கிடையில் வெள்ளிக்கிழமை ஒரு தொலைக்காட்சி நாடகத்துக்கு, செத்த அப்பாவாக அவருடைய போட்டோ மட்டும் தேவைப்பட்டது. யாராவது செத்தால் படத்தோடு அறிவித்தல் அடித்து ஒழுங்கைச் சுவரெல்லாம் ஒட்டுவோமே, அந்தக் காட்சி; எடுத்தது கொட்டாஞ்சேனையிலேயே. போட்டோவின் பின்னால் தன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார். அவர்கள் செத்தவரின் பெயராக அதையே அச்சடித்துவிட்டார்கள். காட்சி முடிந்து கிழிக்க வந்தவர்களை இவரே மறித்தார்.

"ரெண்டு நாளைக்கு இருக்கட்டும் தம்பிமார். என்ர பேர் இவ்வளவு பெரிசா எங்கயும் வரேல்ல."

அட, பேராசை பிடித்த மனுசா!

சனிக்கிழமை காலை அடுத்த ஒழுங்கை யூஜினா வெள்ளை உடுத்து, செத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் சீனிப் பையோடு அழுதபடி வந்தாள். கதவைத் திறந்தவர் ஸ்ரனிஸ்லாஸ். "சேசுவே!" என்று அலறிச் சீனியை அவர் காலில் போட்டாள். விசயம் தெரிந்ததும் அவள் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. பொழுதுபடுவதற்குள் இன்னும் பத்துப் பேர் வந்தார்கள். எல்லாருக்கும் செத்தவரே தேத்தண்ணி கொடுத்தார்.

திங்கட்கிழமை இரத்மலானைக்குப் போனால், தயாரிப்பு நிர்வாகி டிலானின் கையிலிருந்த போன் கீழே விழுந்தது. அறிவித்தலை அவனும் பார்த்திருந்தான். காலையில் எல்லாரும் எழுந்து நின்று மௌன அஞ்சலிகூடச் செலுத்திவிட்டார்களாம். வசனம் சயந்தன் என்ற புது நடிகனுக்குப் போய்விட்டது.

"வசனத்தை உங்களுக்கே திருப்பித் தரலாம் அங்கிள். ஆனா படத்தின்ர தொடக்கத்தில உங்கட போட்டோவும் பேரும் தனியாப் போடுறதா டைரக்டர் முடிவெடுத்திட்டார், அஞ்சலியா. நீங்க உயிரோட இருந்தா அதை எடுத்துவிடவேணும்."

"அது எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அஞ்சு செக்கன்."

"வசனம்?"

"ரெண்டு செக்கன் வரும்."

பதினெட்டு வருசம்! ஸ்ரனிஸ்லாஸுக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கைச் சிந்திக்கொண்டு, "சயந்தனே கதைக்கட்டும்," என்றார்.

படம் வந்த அன்று அவருடைய முகம் திரை நிறைய எழுந்தது. இருபத்தேழு படங்களிலும் அவரைத் தேடித் தேடிக் கண் பூத்துப்போன புளோறன்ஸ், குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள்.

"ஏனப்பா அழுறீர்? நான் பக்கத்திலதானே இருக்கிறன்."

"கதையாதேங்கோ," என்று அவர் வாயைப் பொத்தினாள் அவள். "இண்டைக்குத்தான் உங்களை முழுசாப் பாக்கிறன்."