அவர் வரப்பில் நிற்கும் எங்கள் கம்பம்

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு தை மாதம், சமயநல்லூர் தாண்டி உள்ளே போகும் ஒரு கிராமத்தில் நாங்கள் கட்டிய புது வீட்டில் பால் காய்ச்சினோம். வந்தவர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "ஏம்ப்பா, ரோட்ட விட்டு இம்புட்டுத் தள்ளியா வீடு கட்டுவாக?" என்பதுதான். அப்பா சிரித்துக்கொண்டே, "ரோடு வாரப்ப வரட்டும்ண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு வாக்கியத்துக்கே அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது.

எங்கள் வீட்டுக்கு வயல்களுக்கு நடுவே வரப்பில் நடந்துதான் போக வேண்டும். செங்கல்லும் சிமென்ட்டும்கூட அறுப்பு முடிந்த வயலில் டிராக்டர் விட்டுத்தான் போய்ச் சேர்ந்தன. அங்கே கட்டியதற்குக் காரணம் எளிது. எங்களுக்கென்று இருந்த நிலம் அது ஒன்றுதான். தாத்தா காலம் வரை எங்கள் குடும்பம் அந்த வயல்களில் கூலிக்கு இறங்கியது. அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து, அதே வயல்களுக்கு நடுவில் ஒரு துண்டு வாங்கினார். அதில் ஒரு வீடு கட்டி, அதில் படுத்து எழுந்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவர் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆனால் பூச்சு வேலை முடிவதற்குள் அவருடைய நுரையீரல் மோசமாகிவிட்டது. ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் இனித் தூங்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். புது வீட்டில் கரண்ட் இல்லை. எனவே பால் காய்ச்சிய அன்று சாயங்காலமே அப்பாவைத் திரும்பவும் கோச்சடையில் இருந்த வாடகை அறைக்குக் கூட்டி வந்தோம்.

நான் எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் படித்தவள். கப்பலூரில் சுவிட்ச் போர்டுகள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. எதையும் ஒன்று, இரண்டு என்று வரிசை போட்டுத்தான் யோசிப்பேன். கரண்ட் விஷயத்தையும் அப்படித்தான் யோசித்தேன். ஒன்று, கண்மாய்ப் பக்கமாகச் சுற்றிக் கம்பம் நடலாம். ஆனால் தண்ணீர் நிற்கும் மண்ணில் கம்பம் நிற்காது. இரண்டு, சோலார் வைக்கலாம்; விளக்குக்குச் சரி, ராத்திரி முழுக்க ஓடும் மெஷினுக்கு எங்களால் வைக்க முடிந்த பேட்டரி தாங்காது. மூன்று, ரோட்டோரம் இருக்கும் கடைசிக் கம்பத்தில் இருந்து, பக்கத்து வயலின் வரப்பில் கம்பம் நட்டு நேராக லைன் இழுக்கலாம். மூன்றாவதுதான் நடக்கக்கூடியது. அதற்கு அந்த வயலின் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும்.

சொந்தக்காரர் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். தனியாக விவசாயம் பார்ப்பவர். போய்க் கேட்டேன். களை பறித்துக்கொண்டே, "வேணாம் தாயி" என்றார். பயிருக்குச் சேதம் வராது, நிலத்தின் மதிப்பு குறையாது, கம்பம் வரப்பின் ஓரத்தில்தான் நிற்கும் என்று, தயாராக வைத்திருந்த பதில்களை எல்லாம் சொன்னேன். அந்தக் கேள்விகளில் எதையும் அவர் கேட்டிருக்கவே இல்லை. கடைசியாக, மேலே கம்பி வேண்டாம் என்றால் மண்ணுக்கு அடியில் கேபிள் பதிக்கலாம் என்றேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"மண்ணுக்குள்ளயா? நான் மம்பட்டி போட்டு வெட்டுற எடத்துலயா?"

திரும்பவும் களை பறிக்கக் குனிந்துகொண்டார். எங்கள் ஆட்கள் அங்கே வீடு கட்டியது ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை என்று எங்களுக்குத் தெரியும். இவரும் அவர்களில் ஒருவர் என்றே நினைத்துக்கொண்டேன்.

நிலத்துக்காரர் மறுத்தால் கலெக்டரிடம் மனு கொடுத்து உத்தரவு வாங்க சட்டத்தில் வழி உண்டு. மனுவை எழுதி முடித்தேன். அவருக்குத் தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுவார், சண்டைக்கு வருவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அறுத்த புல்லைக் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"கலெக்டரு சொன்னா நான் என்ன செய்ய முடியும், நட்டுக்கங்க. எங்க வீட்டுக்காரரு கம்பத்துலதேன் செத்தாரு. அதேன் வேணாம்னேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. டிரான்ஸ்பார்மரில் ஃபியூஸ் போய்விட்டால், பயிர் காய்கிற நேரத்தில் ஒயர்மேன் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் இருக்கும் சுவிட்ச் கைப்பிடியை இறக்கி லைனை நிறுத்திவிட்டு, ஊரிலேயே தைரியமான ஒருவர் ஏறி ஃபியூஸ் போட்டுவிடுவார். அந்த ஊரில் அது இவருடைய கணவர். அன்றைக்கும் அப்படித்தான் ஏறியிருக்கிறார். கைப்பிடி இருந்த இடத்தில் இருந்து பார்த்தால் மேலே ஏறியவர் தெரியாதபடி கருவேல மரங்கள் மறைத்திருந்தன. வேறு வயலில் இருந்து கரண்டைத் தேடி வந்த ஒருவர், கைப்பிடி கீழே இருப்பதைப் பார்த்திருக்கிறார். யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்து மேலே தள்ளியிருக்கிறார்.

"தள்ளுனவரு எங்க சொந்தக்காரருதேன். இப்பவும் தெருவுல பாத்தா தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போவாரு. அவரச் சொல்லி என்ன செய்ய" என்றார்.

வேலை நடக்கும்போது சுவிட்சைப் பூட்ட வேண்டும், அறிவிப்புப் பலகை மாட்ட வேண்டும் என்று கல்லூரியில் பாதுகாப்பு விதிகளை வரிசையாகப் படித்து மார்க் வாங்கியவள் நான். புல்லுக்கட்டை அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டு வந்துவிட்டேன். மனுவைக் கொடுக்கவில்லை.

அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே, "அப்பக் கம்பத்த விட்ருத்தா" என்றார். அதன் பிறகு அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர்தான் தெரியும். அதையே பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். சாப்பாடும் குறைந்தது.

ஒருநாள் அவராகவே, "பகல்ல ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வருவமா?" என்று கேட்டார். சின்ன சிலிண்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். ரோட்டில் இருந்து வரப்பு வழியாக என் சித்தப்பாவும் இன்னொருவரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். தூக்கியவர்கள் இளைப்பாற இறக்கி வைத்தது அந்த வயல்கார அக்காவின் வரப்பில். அவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"என்னண்ணே, இப்பிடி மூச்சு வாங்குது?"

"இழுத்துக்கிட்டுக் கெடக்குதும்மா. பயிரு நல்லா வந்திருக்கே, என்ன நெல்லு?"

இரண்டு பேரும் நெல்லைப் பற்றித்தான் பேசினார்கள். கம்பத்தைப் பற்றி அப்பா வாயே திறக்கவில்லை. பிறகு எங்கள் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சிலிண்டரில் அளவு காட்டும் முள் இறங்கியதும், யாரும் சொல்லாமலே, "போவோம்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் கம்பம் நட்டுக்கொள்ளலாம் என்று அந்த அக்கா ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"கம்பம் நடுறப்பயும் நீ நிக்கணும், கம்பி இழுக்குறப்பயும் நீ நிக்கணும். கரண்டு நின்னுருச்சான்னு நீ பாத்துச் சொன்ன பெறகுதேன் ஒருத்தர் ஏறணும்."

லீவு போட்டுவிட்டு நின்றேன். மின்வாரிய ஆட்கள் லைனை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன் நானும் ஒருமுறை பார்த்துச் சொன்னேன். "என்னங்க மேடம், எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒருவர் சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்கள் யாரும் சிரிக்கவில்லை. அந்த அக்கா மட்டும் அன்று வயல் பக்கமே வரவில்லை.

அப்பா வீட்டுக்கு வந்தார். மெஷின் அங்கே ஓடியது. ஒரு போகம் நெல் நட்டதையும் அறுத்ததையும் கட்டிலில் இருந்தபடியே பார்த்தார். அடுத்த நடவு அவருக்கு இல்லை. அவர் ஆசைப்பட்ட அந்த வீட்டில்தான் அவர் உயிர் போனது. அந்த அக்காவும் வந்து அழுதுவிட்டுப் போனார்.

அன்றுதான் ஒன்றைக் கவனித்தேன். அவர் திரும்பிப் போனபோது தன் வயல் வரப்பில் போகவில்லை. கண்மாய்க் கரை வழியாக, அவ்வளவு தூரம் சுற்றிக்கொண்டு போனார். பிறகு விசாரித்தால், கம்பம் நட்ட நாளில் இருந்தே அப்படித்தானாம். புல்லுக்கட்டோடும் சுற்றித்தான் போகிறார், மழையிலும் சுற்றித்தான் போகிறார். கம்பி நல்ல உயரத்தில் இருக்கிறது, எர்த் எல்லாம் சரியாக இருக்கிறது, நானே பரிசோதித்தேன் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"தெரியும் தாயி. நீ பாத்திருப்ப. காலுதேன் வர மாட்டேங்குது."

இப்போது அந்த வீட்டில் மெஷின் இல்லை. அம்மாவும் நானும் ஒரு டியூப்லைட்டும் மின்விசிறியும்தான். சாயங்காலம் சுவிட்சைப் போடும்போதெல்லாம், ஜன்னல் வழியே கண்மாய்க் கரையில் ஒரு புல்லுக்கட்டு மெதுவாக நகர்வது தெரிகிறது. அப்பா தன் வீட்டில் கண் மூடுவதற்காக ஒருவர் தன் வயலின் வழியையே விட்டுக்கொடுத்தார்; அதைத் திருப்பித் தர என் படிப்பில் எந்த வழியும் இல்லை என்பது ஒவ்வொரு நாளும் விளக்கு எரியும்போது எனக்கு நினைவுக்கு வருகிறது.