என் சிமெண்டில் டிரசரின் பெயர்

கலும்பாங் கோயில் மண்டபம் நான் கட்டியது. ஜெராம் மீன் சந்தைக்குக் கூரை போட்டதும் நான்தான். மூன்றாம் வகுப்போடு பால்மரக் காட்டுக்கு ரப்பர் வெட்டப் போனவன், பிறகு ஊரே ‘தவுக்கே’ என்று கூப்பிடும் முதலாளி ஆனவன் நான். எண்பதுகளில், பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருந்த சதுப்பை மேடாக்கி, ஊழியர்களுக்குப் பூப்பந்துத் திடல் போட்டுக் கொடுத்தேன், இலவசமாக.

ஆனால் எல்லாரும் அதை ‘டிரசர் கோர்ட்டு’ என்றார்கள். புண்ணுக்குக் கட்டுப் போடும் அந்த டிரசர் ஒல்லி, முன்பல் இல்லாதவர். ஆட்டமும் சுமார்தான். சாயங்காலமானால் வார்டு வார்டாகப் போய் ஆட்களைக் கூட்டி வருவார். அன்றைக்கு யாருக்கு மனசு கனத்துக் கிடக்கிறதோ, அவருக்குத்தான் முதல் அடி.

ஒருநாள் வார்டில் ஒரு குழந்தை இறந்துவிட்டது. அழுது நின்ற தாதியின் கையில் மட்டையைக் கொடுத்தார். பந்து வலையில் விழுந்தது.

“இன்னொன்னு அடிம்மா” என்றார். இருட்டும்வரை அடித்தாள். எல்லாரும் பந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இது யாரு போட்ட கோர்ட்டுய்யா?” என்றேன்.

“நீங்கதான் தவுக்கே. வேலிக்கு வெளியவே நிக்கிறீங்களே, உள்ள வாங்க லா!” என்று மட்டையை நீட்டினார்.

எனக்கு ஆடத் தெரியாது. வேலை இருக்கிறது என்று லோரியில் ஏறிவிட்டேன்.

அவர் மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகிறது. அவர் பெயரில் பலகையே மாட்டிவிட்டார்கள். இருக்கட்டும். அதன் கீழே, சின்ன எழுத்திலாவது, சிமெண்டு போட்டவன் பெயரையும் எழுதுங்கள்.