சின்னராசா முதலாளியின் சம்பல்

கொடிகாமத்துச் சாப்பாட்டுக் கடை சின்னராசா முதலாளி போயிட்டாராம். நேற்று, கனடாவில், மகன் வீட்டில்...

காலையிலிருந்து டைம்லைன் முழுக்க "வள்ளல்", "அந்தச் சம்பலின் ருசி இனி வருமா?" வராது. வரவும் கூடாது. அந்தச் சம்பலை லாப்பில் வைத்துப் பார்த்தவள் நான்.

நெற்றி நிறைய விபூதி, வெள்ளை வேட்டி. செருப்போடு கடைக்குள் வந்தால் ஏசுவார். குசினிக்குள் ஈ மொய்க்கும், அதற்கு ஏச்சு இல்லை.

எழுபதுகளின் கடைசி. எனக்கு ஆஸ்பத்திரி லாப்பில் வேலை. பஸ் நின்ற இடத்தில் இவரிடம் இடியப்பமும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்ட என் தம்பி, இரத்தமும் சளியுமாக வயிற்றால் போய் வார்டில் கிடந்தான். ரெட்ராசைக்கிளின் மருந்து கொடுத்தும் நிற்கவில்லை.

சுகாதாரப் பரிசோதகர் கடைச் சம்பலைப் போத்தலில் கொண்டுவந்து தந்தார். தம்பியிடம் இருந்த அதே கிருமி அதிலும் வளர்ந்தது.

கிருமி பூசிய கண்ணாடிப் பிளேற்றில், மருந்து தோய்த்த கடதாசிப் பொட்டுகளை வைப்போம். மருந்து கேட்டால் பொட்டைச் சுற்றிக் கிருமி வளராத வெறும் வட்டம் விழும்.

மறுநாள் பார்த்தால்... ரெட்ராசைக்கிளின் பொட்டுக்குப் பக்கத்திலேயே கிருமி பாய் விரித்துப் படுத்திருக்கிறது. வட்டம் விழுந்தது ஒரேயொரு பொட்டுக்குத்தான். அந்த மருந்து எங்களிடம் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். தம்பி அதுவரை தாங்குவானா என்று பயந்து செத்தேன்.

அன்றைக்குத்தான் முதலாளி லாப்புக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு கதலி வாழைப்பழம்.

"நான் பழுதான சாமான் விக்கிறேல்லைப் பிள்ளை. விடிய அரைக்கேக்கையே ரெண்டு ரெட்ராசைக்கிளின் குளிசையை உடைச்சுச் சம்பலுக்கை போட்டிடுவன். பின்னேரம் வரைக்கும் புளிக்காது!"

பெருமையாகத்தான் சொன்னார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பிளேற்றை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"வடிவாப் பாருங்கோ. நீங்கள் போட்டுப் போட்டே கிருமி அந்த மருந்துக்குப் பழகிப்போச்சு. என்ரை தம்பி சாகக் கிடக்கிறான். இனி அவனுக்கு இந்த ஒண்டுதான் கேக்கும்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வடிவாகத்தான் பார்த்தார் மனிசன்.

"அப்ப உந்த வட்டம் விழுந்த மருந்துக்கு என்ன பேர், பிள்ளை? நாளையிலையிருந்து அதையே போடுறன்."

சொல்லவில்லை. பழத்தையும் வாங்கவில்லை.

மருந்து வந்தது. தம்பி பிழைத்தான், எலும்பும் தோலுமாக. முதலாளி கடைக்கு மேல்மாடி கட்டினார்.

போயிட்டு வாங்கோ என்று எழுதக் கை வரவில்லை, முதலாளி.

போங்கோ.