டிக்கியில் இருந்த மழைத்தண்ணீர்

"போர்த் தண்ணி ஊத்தாதீக, ரேடியேட்டர்ல உப்பு அடச்சுக்கிரும்" என்பாள் என் மனைவி. எங்கள் பழைய அம்பாசிடர் காருக்காக முற்றத்தில் மழைத்தண்ணீர் பிடித்து, கேனில் நிரப்பி டிக்கியில் வைப்பாள். அவள் இறந்த பிறகு, கடைசியாகப் பிடித்து வைத்த கேனைத் திறக்க மனம் வரவில்லை. போர்த் தண்ணீரையே ஊற்றி வந்தேன்.

போன மாதம் ஒக்கூர் தாண்டியதும் இன்ஜின் கொதித்து ஆவி பறந்தது. பதறிப்போய் ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பைக்கில் வந்தவர் தடுத்தார். "தொடாதீக, மூஞ்சி வெந்துரும். ஆறவிட்டு ஊத்துங்க. தண்ணி வச்சிருக்கீகளா?"

"இருக்கு" என்று டிக்கியைத் திறந்து அந்தக் கேனை எடுத்தேன்.

அந்தத் தண்ணீரில்தான் வீடு வந்து சேர்ந்தேன். மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றி உப்பை எடுத்தபின் சூடு ஏறுவதில்லை.

இப்போது மழை வந்தால் நானே முற்றத்தில் அண்டா வைக்கிறேன். நிறைந்துவிட்டது என்று குரல் கொடுக்க ஆளில்லாததால், பக்கத்திலேயே நிற்கிறேன்.