ஏழாம் எண் சின்னம்

படைவீரர்களுக்குக் கல்லறைக் கல் வெட்டும் பட்டறையில் அவரைச் ‘சின்னக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஆறடி. கல்லின் தலையில் வெட்டும் மதச் சின்னங்களின் பட்டியல் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இரண்டு என்றால் சிலுவை, ஐந்து என்றால் பிறை, பதினாறு என்றால் சுடர். கணவனுக்காகக் கால்பந்து கேட்டு வந்த ஒருத்திக்கு, பட்டியலில் அது இல்லை என்று புரியவைப்பதற்குள் மனிதருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

அவர் குடும்பத்துக்கு ஏழு. மனைவியின் கல்லிலும் அதைத் தன் கையாலேயே வெட்டியிருந்தார்.

எல்லையில் மகன் இறந்தபோது, அந்தக் கல்லை வேறு ஆளிடம் தருவதாக மேற்பார்வையாளர் சொல்லிப் பார்த்தார். இவர் மசியவில்லை. படிவத்தில் பெயரையும் தேதிகளையும் மட்டும் பார்த்துக்கொண்டார். சின்னத்துக்கான கட்டத்தைப் பார்க்கவே இல்லை. பெற்றவனுக்குத் தெரியாததா? முதலில் ஏழாம் சின்னத்தை ஆழமாக வெட்டினார். அதன் கீழே பெயரையும் அதே ஆழத்தில் வெட்டினார்.

வேலை முடிந்ததும் படிவத்தை வாய்விட்டுப் படித்துக் கல்லோடு ஒப்பிடுவது அங்கே வழக்கம். படித்துக்கொண்டே வந்த மேற்பார்வையாளர் சட்டென்று நிறுத்தினார். சின்னத்துக்கான கட்டத்தில், உயிரோடு இருந்தபோதே, மகன் தன் கையெழுத்தில் ‘வேண்டாம்’ என்று எழுதியிருந்தான்.

சின்னக்காரர் மருமகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.

“அவருக்கு சாமி நம்பிக்கை போயி ஆறு வருஷம் ஆச்சு மாமா. உங்ககிட்ட சொல்லத்தான் பயந்தாரு.”

“என்கிட்டயாம்மா?”

“உங்க மனசு ஒடஞ்சிடுமேன்னு.”

சின்னம் அப்படியே இருந்தாலும் தான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவர் இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். படிவத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக மேற்பார்வையாளரும் மெல்லச் சொன்னார்.

சின்னக்காரர் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அம்மாவின் கல்லறை முன்னால் அவரோடு கண்ணை மூடிக் கைகூப்பி நின்றவன் அவன்.

“ஆறு வருஷமா எனக்காக நடிச்சிருக்கான். செத்த பிறகுமா நடிக்கணும்?” என்று சொல்லி எழுந்தார்.

பிழையான கல்லை வெட்டியவரேதான் உடைக்க வேண்டும் என்பது பட்டறை விதி. வீரனின் பெயர் குப்பையில் கிடக்கக் கூடாது என்பதால் முதல் அடி பெயரின் மேல்தான் விழ வேண்டும். புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

அந்தப் பெயரும் வீட்டில் எல்லோரோடும் மல்லுக்கு நின்று அவர் வைத்த பெயர். சுத்தியலை மூன்று முறை ஓங்கினார், மூன்று முறையும் இறக்கினார். மேற்பார்வையாளர் கை நீட்டியும் கொடுக்கவில்லை. நாலாவது முறை மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அப்பாவை மன்னித்துவிடச் சொல்லிவிட்டு அடித்தார்.

ஆழமாக வெட்டிய பெயர். ஒரே அடியில் போகவில்லை.