யாரங்கோபிலிக்குப் போன சோற்றுப் பானை

சுற்றுலா பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோட்டைவிடப் பின் இருக்கைகளில் நடப்பதுதான் பெரிய கவலை. இதே தொழில் பார்த்து முதுகுவலி வாங்கியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எழுபதுகளில் சிட்னியிலிருந்து கொசியஸ்கோ தேசியப் பூங்காவுக்கு ஆட்களை ஏற்றிப் போன காலத்தில், ஒரு பயணத்தை மட்டும் இன்னும் ஆசையோடு நினைத்துக்கொள்கிறேன்.

மடியில் பானை

வழியில் ஓர் இரவு தங்கிவிட்டுப் புறப்பட்டோம். பஸ் முழுக்க வெள்ளைக்காரர்கள். தமிழர் என்றால் நானும் நடராசா என்ற திருகோணமலைக்காரரும்தான். விடுதிக் குசினியில் தானே காய்ச்சிய சோற்றைப் பானையோடு மடியில் வைத்திருந்தார். மலைப்பாதை மோசம், கீழே பெட்டிகளோடு வையும் என்றேன். மாட்டேன் என்றார்.

ஊரில் அவருடைய தாய் இறந்து ஒரு மாதம். மூத்த மகன், போக வழியில்லை. அன்றைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கடமை. தம்பி அங்கே கன்னியா என்ற இடத்து வெந்நீர்க் கிணற்றடியில் அதைச் செய்கிறானாம்.

"அண்ணை, எனக்குக் கிட்ட இருக்கிற சுடுதண்ணி நீங்கள் காட்டப் போற யாரங்கோபிலி ஊற்றுத்தான்."

கங்காரு குறுக்கே வந்தது

ஒரு வளைவில் ஆளுயரக் கங்காரு ஒன்று பாய்ந்து வந்து நடுரோட்டில் நின்று எங்களை முறைத்துப் பார்த்தது. என்ன அழகான பிராணி! ரசிக்கவா முடியும்? பிரேக்கை மிதித்ததில் பைகளெல்லாம் உருண்டன. பானை போச்சு என்றுதான் திரும்பினேன்.

நடராசாவுக்குப் பக்கத்தில் இருந்த டோரத்தி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, தொப்பி கீழே கிடக்க, பானையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தார். கதை முழுவதையும் நடராசா அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"நீ ரோட்டைப் பார். அந்த அம்மாவின் சாப்பாடு என் பொறுப்பு."

பலகையில் எழுதியிருந்தது

யாரங்கோபிலி ஊற்று கொதிக்காது, பீறிடாது, இளஞ்சூடுதான். நடராசா முழுகி எழுந்து, எள்ளும் தண்ணீரும் இறைத்து, பாறையில் சோற்றை வைத்துக் காகத்தைக் கூப்பிட்டார். காகம் தொடும்வரை அவர் சாப்பிடமாட்டார்.

காகம் வருவதற்கு முதல் பூங்காக் காவலர் வந்துவிட்டார். விலங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்கள் என்ற பலகை பக்கத்திலேயே நிற்கிறது. நடராசா சோற்றை எடுக்கக் குனிந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிப் பலகையைப் பார்த்தார், சோற்றைப் பார்த்தார்.

"விலங்குகளுக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. தாய்க்குக் கொடுக்கக் கூடாது என்று இல்லையே."

வெள்ளைக் கண் விருந்தாளி

இந்த நாட்டுக் காகத்துக்கு வெள்ளைக் கண். கத்தினால் பிள்ளை அழுகிற மாதிரி இருக்கும். இது வருமா, வந்தாலும் சோறு தின்னுமா? மற்றவர்கள் சாண்ட்விச்சைப் பிரிக்காமல் எங்களோடு காத்திருந்தார்கள். கடைசியில் ஒன்று மரத்திலிருந்து இறங்கி, தலையைச் சரித்துப் பார்த்து, ஒரு வாய் கொத்தியது. நடராசா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துவிட்டுப் பானையைத் திறந்தார்.

"அம்மா சாப்பிட்டிட்டா அண்ணை. எல்லாரையும் கூப்பிடுங்கோ, இனி நாங்கள் சாப்பிடுவம்."

பஸ் அவ்வளவு பிந்தி வந்தும் ஒருவர்கூட முறைப்பாடு செய்யாத பயணம் என் சாரதி வாழ்க்கையிலேயே அது ஒன்றுதான்.